வரைபு: ‘கிராஃப்’ என்பதற்கு எந்தச் சொல்?

வகுப்பில் ‘கிராஃப்’ என்று சொல்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘வரைபடம்’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘வரைபு’ என்கின்றன. இரண்டும் ‘வரை’ என்ற ஒரே வினையிலிருந்து பிறந்தவைதான். ஆனால் இயற்பியலில் பொருள்களின் இயக்கத்தைப் படிக்கத் தொடங்கும் மாணவரை இரண்டில் ஒன்று காலை வாரிவிடக்கூடும்.

முதலில் கிராஃப். கிரேக்கத்தில் ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல், வரைதல். டெலிகிராஃப், போட்டோகிராஃப் போன்றவற்றின் வாலில் தொங்குவதும் அதுவே. ‘கிராஃப்’ என்று தனியாக நிற்கும் சொல்லுக்கு வயது குறைவு. 1878இல் கணித அறிஞர் சில்வெஸ்டர், மூலக்கூறுகளில் அணுக்கள் பிணைந்திருப்பதைக் காட்டும் படங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். ஆனால் நாம் இங்கே பேசும் கிராஃப், அதாவது ஒரு அளவு இன்னொன்றோடு மாறுவதைக் கோட்டில் காட்டுவது, பெயர் வருவதற்கு முன்பே இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரேம், காலத்தைக் கிடைக்கோடாகவும் ஒவ்வொரு கணத்தின் வேகத்தையும் அதன்மேல் நிற்கும் குத்துக்கோடாகவும் வரைந்து, அவை அடைக்கும் பரப்பைக் கொண்டு கடந்த தொலைவைப் பேசினார்.

இனி ‘வரை’. வினையாக நின்றால் கோடிடுதல். பெயராக நின்றால் கோடு, எல்லை, மலை. சங்கப் பாடல்களில் தலைவியை மணப்பதும் வரைதல்தான், அது இங்கே வேண்டாம். ‘வரைபடம்’ ஒரு வினைத்தொகை: வரைந்த படம், வரைகின்ற படம், வரையும் படம். ‘வரைபு’ என்பதில் படம் கிடையாது. சார் என்பதோடு ‘பு’ சேர்ந்து சார்பு ஆவதுபோல, வரை என்பதோடு சேர்ந்து வரைபு. கணிதத்தில் ஒரு அளவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவதைச் சார்பு என்கிறோம். அதை வரைந்தால் வரைபு. ஜோடி நன்றாகப் பொருந்துகிறது.

படம் இருந்தால் என்ன கெட்டுவிடும்? ஒரு கோட்டை எடுத்துக்கொள்வோம். 4 நொடியில் 0 முதல் 20 வரை நேராக ஏறுகிறது, 7ஆம் நொடி வரை கிடையாகப் போகிறது, 12ஆம் நொடியில் மறுபடி 0 வரை இறங்குகிறது. புதிதாகப் படிப்பவர் பலர் இதில் ஒரு மலையைப் பார்ப்பார்கள்: ஆள் ஏறினான், உச்சியில் நடந்தான், இறங்கினான். (வரை என்றால் மலை என்பது தெரியாமலேயே!) குத்து அச்சில் இருப்பது மீட்டரில் இடப்பெயர்ச்சி (புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்பது) என்றால், மலையே கிடையாது. ஆள் சமதளத்தில் நேர்கோட்டில் நொடிக்கு 5 மீட்டர் வீதம் போனார், 3 நொடி நின்றார், நொடிக்கு 4 மீட்டர் வீதம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். உச்சியில் ‘நடப்பதாக’த் தெரிந்த பகுதியில்தான் அவர் அசையவே இல்லை.

சரி, அதே கோட்டின் குத்து அச்சில் திசைவேகத்தை, அதாவது திசையும் சேர்ந்த வேகத்தை, நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற அளவில் எழுதுவோம். இப்போது அவர் முடுக்கம் பெற்று (வேகம் கூடி), நொடிக்கு 20 மீட்டர் வீதம் சீராகப் போய், வேகம் குறைந்து நிற்கிறார். கோட்டுக்குக் கீழுள்ள பரப்புதான் கடந்த தொலைவு: 40 + 60 + 50, ஆக 150 மீட்டர். இந்த முறை அவர் திரும்பவே இல்லை. கோடு மாறவில்லை, அச்சின் பெயர் மட்டும் மாறியது. படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. அச்சைப் படித்தால்தான் தெரியும்.

பழியை முழுக்கச் சொல்லின்மேல் போடவும் முடியாது. கிராஃப் என்றே சொல்லிப் படிக்கும் அமெரிக்க மாணவர்களும் இப்படித் தடுமாறுவதை, இயற்பியல் கற்பித்தலை ஆராய்ந்த மெக்டெர்மாட் குழுவினர் 1987இல் விரிவாக எழுதினார்கள். 1994இல் அதே துறை ஆய்வாளர் பைக்னர், இந்தத் தடுமாற்றத்தை அளக்கவென்றே ஒரு தேர்வை வடிவமைத்தார். இருந்தாலும், ஏற்கெனவே வழுக்கும் இடத்தில் ‘படம்’ என்று எண்ணெய் ஊற்றுவானேன்? போதாததற்கு, வரைபடம் என்றால் நாட்டின் வரைபடமும் நினைவுக்கு வருகிறது. அதில் கோடு உண்மையிலேயே பாதைதான். அதனால் என் ஓட்டு வரைபுக்கு.

வரைபை எடுத்துக்கொண்டால் கூடவே வரும் மற்ற சொற்களில் கவனம் வேண்டும். கோட்டின் சாய்வை இலங்கையில் படித்திறன் என்பார்கள். முடுக்கம் அங்கே ஆர்முடுகல். இவற்றால் பெரிய குழப்பம் இல்லை. சிக்கல் வேகத்தில்தான். தமிழ்நாட்டில் வேகத்துக்குத் திசை கிடையாது, திசை சேர்ந்தால் திசைவேகம். இலங்கையில் திசையில்லாதது கதி, திசையுள்ளது வேகம். ஆகவே இலங்கை நூலின் வேக–நேர வரைபு கிடை அச்சுக்குக் கீழே இறங்கலாம், பொருள் திரும்பி வருகிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டு நூலின் வேகம்–காலம் வரைபடத்தில் கோடு அச்சுக்குக் கீழே போனால், வரைந்தவர் எங்கோ தப்பு செய்திருக்கிறார்.