குகைக்குப் போனதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்

குகைக்குப் போய்வந்து காய்ச்சலோடு என்னிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களில், இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். இருபத்திரண்டு வயதுப் பையன், மூன்று வாரமாகக் காய்ச்சல், வறட்டு இருமல், எடை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. காசநோயாக இருக்கும் என்று வேறோர் இடத்தில் மருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், இரண்டு நுரையீரலிலும் கசகசாவைத் தூவியது போலப் புள்ளிகள். ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை. "காய்ச்சலுக்கு முன்னாடி எங்கேயாவது போனீங்களா தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்றான். அம்மா மருந்து வாங்க வெளியே போன பிறகுதான் மெதுவாக வாயைத் திறந்தான்: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கோப்பேங் பக்கம் ஒரு சுண்ணாம்பு மலை, அதில் யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு குகை, இவனோடு சேர்த்து ஐந்து நண்பர்கள், அனுமதி எதுவும் வாங்கவில்லை.

அப்புறம் கைப்பேசியில் வீடியோவைக் காட்டினான். தவழ்ந்து மட்டுமே போக முடிகிற ஒரு பொந்து, அதைத் தாண்டினால் பெரிய அறை, தரை முழுக்கக் காப்பித்தூள் நிறத்தில் காய்ந்துபோன வௌவால் எச்சம். ஒருவன் அந்தக் குவியலில் குதிக்கிறான். டார்ச் வெளிச்சத்தில் மாவு சலித்த மாதிரி தூசி எழும்புகிறது, வீடியோ முடியும்வரை அது அடங்கவே இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று.

"வௌவாலைக் கிட்டக்கூடப் போகலையே டாக்டர்!" இந்த வருடம் வந்த மூன்று நோயாளிகளும் இதையேதான் சொன்னார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, அதனால் பொறுமையாக ஒருமுறை எழுதிவிடுகிறேன். இந்த நோய் வர வௌவால் கடிக்க வேண்டாம், நகம் பட வேண்டாம், குகையில் ஒரு வௌவால்கூட இல்லாமல் இருந்தாலும் வரும். எச்சம் கலந்த மண்ணில் அந்தப் பூஞ்சை வளர்கிறது, மண்ணைக் கிளறினால் அதன் வித்துகள் காற்றில் ஏறுகின்றன, நீங்கள் மூச்சு விடுகிறீர்கள், அவ்வளவுதான். வௌவால்கள் எப்போதோ வேறிடம் போய்விட்ட குகையிலும் மண் அப்படியேதான் இருக்கும். ஈரமாக நாறுகிற இடத்தைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்கள், காய்ந்த இடத்தைச் சுத்தம் என்று நம்பி அங்கே உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். பறக்கிற தூசி அங்கேதான் இருக்கிறது. நாலுகாலில் தவழும்போது உங்கள் மூக்குக்கும் அந்த மண்ணுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு வௌவால்களைப் புகை போட்டு விரட்டக் கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து. கோவிட் சமயத்தில் அந்தப் பேச்சும் என் காதில் விழுந்தது. நம் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதே இந்தச் சுண்ணாம்புக் குகைகளில் தங்குகிற தேன் குடிக்கும் வௌவால்தான்.

குகைக்கோயிலுக்குப் போகிறவர்கள் பயப்பட வேண்டாம். தினமும் கூட்டிப் பெருக்குகிற, காற்றோட்டமுள்ள இடமும் முட்டி போட்டு நுழைகிற பொந்தும் ஒன்றாகாது. அதேபோல் கோப்பேங் பக்கத்துச் சுற்றுலாக் குகையான குவா தெம்புரோங்கில் வழிகாட்டியோடு நடைபாதையில் போவது வேறு, இணையத்தில் யாரோ போட்ட வரைபடக் குறியை நம்பிக் காட்டுக்குள் போவது வேறு.

பெரும்பாலோருக்கு இது லேசான சளிக்காய்ச்சலாக வந்து தானாகவே போய்விடும், சிலருக்கு வந்ததே தெரியாது. எவ்வளவு தூசி உள்ளே போனது என்பதைப் பொறுத்தது. ஆனால் எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த மாதிரிக் குகைகளுக்குப் போகவே கூடாது. அவர்களுக்கு இது உடல் முழுவதும் பரவி உயிரை எடுக்கக்கூடியது.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. 1905-இல் பனாமா கால்வாய்ப் பகுதியில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் டார்லிங் இந்த நோயை முதன்முதலில் பிரேதப் பரிசோதனையில் கண்டபோது, அவரும் பரவிய காசநோய் என்றுதான் முதலில் எண்ணினார். நாம் இன்றும் அதே இடத்தில் தடுமாறினால் எப்படி? சளியில் கிருமி இல்லாத 'காசநோய்' என்றால் குகை, கோழிப்பண்ணை, பழைய கட்டடம் என்று எச்சம் சேர்கிற இடம் எதற்காவது போனாரா எனக் கேட்டுவிடுங்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கொடுத்துக்கொண்டிருந்தால், இந்தப் பூஞ்சைக்குக் கொடுக்கிற இட்ராகோனசோல் ரத்தத்தில் நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, போயே தீருவேன் என்பவர்களுக்கு. அனுமதி வாங்குங்கள், குகை தெரிந்தவரோடு போங்கள். சாதாரண முகக்கவசம் ஓரங்களில் காற்றை விடும், என்95 போடுங்கள், தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது. எச்சத்தின் மேல் குதிக்காதீர்கள், உட்காராதீர்கள், உள்ளே சாப்பிடாதீர்கள். போட்ட உடுப்பை வீட்டுக்குள் உதறாதீர்கள், நனைத்துத் துவையுங்கள். ஆளுக்கு மூன்று விளக்கு. எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வாசலில் வெயில் அடிக்கிறதே என்று நினைக்காதீர்கள், மலைக்கு மேலே மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். 2018 ஜூன் 23-ஆம் தேதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன பன்னிரண்டு பையன்களும் பயிற்சியாளரும் இப்படித்தான் வெள்ளத்தில் சிக்கினார்கள், எல்லாரும் வெளியே வர ஜூலை 10 ஆனது. அந்த மீட்பில் ஒரு முக்குளிப்பாளர் இறந்தார்.

போய்விட்டு வந்து மூன்று முதல் பதினேழு நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமே "குகைக்குப் போனேன்" என்று இருக்கட்டும். அனுமதி இல்லாமல் போனதற்காக நாங்கள் யாரும் போலீசைக் கூப்பிடப் போவதில்லை.

அந்தப் பையன் இப்போது மருந்தில் தேறி வருகிறான். நண்பர்களில் மூன்று பேர் வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். குவியலில் குதித்தவன் மட்டும் இன்னும் வரவில்லை. தம்பி, இது உன் கண்ணில் பட்டால், இருமல் இல்லாவிட்டாலும் ஒருமுறை வந்துவிட்டுப் போ.