எஞ்சின் சத்தத்தைக் கேட்டு பிக்கப் வாங்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு பொலிரோ பிக்கப். தர்மபுரிப் பக்கத்துத் தம்பி ஒருவர், ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றி வந்து பெங்களூர் கலாசிபாளையம் மார்க்கெட்டில் இறக்கலாம் என்று வாங்கியிருக்கிறார். முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. அதில் பாதி, அக்காவின் நகையை அடகு வைத்த பணம். "பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுக்குதுண்ணே, அலைன்மென்ட் மட்டும் பாத்துக் குடுங்க" என்று பொம்மனஹள்ளியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, கேபினுக்குப் பின்னால் சேசிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், டார்ச் அடித்தேன். வண்டி முழுக்கப் பழைய தூசி, அந்த இரண்டடியில் மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட். சுரண்டினால் அடியில் தகடு வைத்து வெல்டிங். தகடு முடியும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, மெல்லிசாக ஒரு கோடு. கோட்டின் கீழ் உதட்டிலிருந்து செம்மண் நிறத்தில் துரு கசிந்து இறங்கியிருந்தது. அசையாமல் நிற்கும் விரிசலில் அப்படித் துரு கசியாது. இது லோடு ஏறும்போதெல்லாம் வாயைத் திறந்து மூடுகிற விரிசல்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆனா எஞ்சின் சூப்பரா இருக்குண்ணே. ஒரே செல்ஃப்ல எடுக்குது. அதப் பாத்துத்தான் வாங்கினேன்" என்றார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வாங்குகிறவர்கள் எல்லோரும் போனட்டைத் திறக்கிறார்கள், ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்கிறார்கள், காதைக் கிட்டே வைத்துக் கேட்கிறார்கள். கீழே குனிந்து பார்க்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சின் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்பது காருக்கே அரைகுறை உண்மைதான். லோடு வண்டிக்கு அது அடியோடு தப்பு. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிக்கப்பில் முழுசாகக் கழற்றி இறக்கி, புதுசுபோல் திருப்பி ஏற்றக்கூடிய பெரிய பொருள் எஞ்சின்தான். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் என்று எல்லாம் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். ஏஸ், பொலிரோ, தோஸ்த் மூன்றுக்கும் கடைக்குக் கடை சாமான் தொங்குகிறது. கிராங்க் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து கிரைண்ட் பண்ணலாம். அதுவும் முடியாவிட்டால் சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய சாமான் கடைகளில், தேடலாம். செலவு கடிக்கும், வண்டி சில நாள் ஷெட்டில் கிடக்கும், அவ்வளவுதான். வேலை முடிந்தால் மறுபடி வருஷக்கணக்கில் ஓடும்.

சேசிஸ் அப்படி இல்லை. எஞ்சின், கேபின், பின்பாடி, ஏற்றும் சரக்கு எல்லாம் உட்கார்ந்திருப்பது அந்த இரண்டு நீள இரும்பின் மேல். வண்டிக்கு அடையாளமான நம்பர் குத்தியிருப்பதும் அதில்தான். அதை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில் திருத்தம், வண்டியை எலும்பெலும்பாகப் பிரித்து மாட்டும் கூலி என்று கணக்குப் போனால் வண்டி விலையைத் தாண்டிவிடும். வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். சூடு பட்ட இடத்தை ஒட்டி அடுத்த விரிசல் விழும். அந்தத் தம்பியின் வண்டியில் நடந்திருப்பதும் அதுவே. லோடோடு ஓசூர் ரோட்டில் இறங்கும்போது அது முழுசாக விட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. விற்கிறவர் ஒரு காலைப் பொழுதில் சரிக்கட்டிவிடக்கூடியது இந்த எஞ்சின் சத்தம்தான். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருப்பார்கள். கெட்டியான ஆயில் ஊற்றியிருப்பார்கள், ரிங் தேய்ந்த எஞ்சினும் சில நாள் அடக்கமாக ஓடும். ஆகவே எஞ்சினைப் பார்ப்பதானாலும் காதால் பார்க்காதீர்கள். போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் "நாளைக்குக் காலையில வரேன், அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பச்சைத் தண்ணியாக இருக்கும்போது உங்கள் கையால் ஸ்டார்ட் பண்ணுங்கள். நன்றாகச் சூடேறியதும், ஐடிலில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. புகை புசுபுசுவென்று தள்ளிக்கொண்டு வந்தால் பேக் காம்ப்ரஷன், அதாவது ரிங் தேய்ந்து அழுத்தம் கீழே கசிகிறது; எஞ்சின் வேலை காத்திருக்கிறது. வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டர் மீட்டரை நான் பார்ப்பதே இல்லை. நீங்களும் பார்க்க வேண்டாம்.

சரி, கீழே குனிந்தால் எதைப் பார்ப்பது? முதலில் அந்த வண்டி என்ன ஏற்றியது என்று கேளுங்கள். டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது 750 கிலோ வண்டி. 50 கிலோ சிமென்ட் மூட்டையில் கணக்குப் போட்டால் 15 மூட்டை. பெங்களூரில் எந்த ஹார்டுவேர் கடை வாசலிலாவது 15 மூட்டையோடு நிறுத்தி ஏஸைக் கிளப்பிப் பார்த்திருக்கிறீர்களா? 25, 30 ஏற்றுகிறார்கள். எம்-சாண்ட் என்றால் கணக்கே கிடையாது. அப்படி அடித்த வண்டியில் பின்பக்கக் கமான் பட்டையை, அதாவது அடுக்கடுக்கான ஸ்பிரிங் தகடுகளை, எண்ணுங்கள். அதே மாடல் வேறு வண்டியில் இருப்பதைவிட ஒன்றிரண்டு கூடுதலாகச் சொருகியிருப்பார்கள். காலி வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதே ஒரு அடையாளம். "ஸ்ட்ராங் பண்ணியிருக்கோம் சார்" என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பட்டைக்குத்தான் பலம் கூடியிருக்கிறது, சேசிஸ் பழையதேதான். தாங்க வேண்டியதைவிட அதிகம் தாங்கிய வண்டி அது.

அடுத்து, பட்டையைப் பிடித்திருக்கும் பிராக்கெட், கேபினுக்குப் பின்னால் உள்ள பகுதி, குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள். ஒவ்வொன்றிலும் டார்ச் அடியுங்கள். ரிவெட் இருந்தால் அதன் தலையைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரிவெட் ஆட்டம் கண்டுவிட்டது. ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம்" என்றால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

மீன் வண்டி விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். மங்களூர், உடுப்பி, கார்வார் பக்கம், அதாவது கே.ஏ. 19, 20, 30 நம்பர்கள், நிறையப் பெங்களூருக்கு விற்பனைக்கு வருகின்றன. எல்லாம் மீன் வண்டி இல்லை. ஆனால் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பின்பாடி வழியாகச் சொட்டிய வண்டியில் சேசிஸ் உள்ளிருந்து அரித்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டுக்கொண்டே வந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று மாறினால், அங்கே இரும்பு மெலிந்துவிட்டது.

கோணல் இருக்கிறதா என்று பார்க்க மெஷின் தேவையில்லை. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவுக்கு டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு விரல் அகலம் வித்தியாசம் வந்தாலே விசாரிக்க வேண்டிய வண்டி. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கு பட்டைப் பிராக்கெட்டிலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, வண்டியை நகர்த்திவிட்டுக் குறுக்காக அளந்தால், இரண்டு குறுக்களவும் சமமாக வர வேண்டும். எதுவும் கையில் இல்லையா? தரையில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் நேராக ஓட்டச் சொல்லிச் சக்கரத் தடத்தைப் பாருங்கள். பின்தடம் முன்தடத்திலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் வண்டி நண்டு நடை நடக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வண்டியாக ஓட்டாதீர்கள். நாலு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, அது கூடாது. மூட்டை ஏற்றுங்கள். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டால் கியர் தானாக நழுவுகிறதா, பின் ஆக்சில் ஹவுசிங்கில் இரைச்சல் வருகிறதா என்பதெல்லாம் லோடில்தான் தெரியும். கிளட்ச், டயர், பேட்டரி பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி பேப்பர். இதில் ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் கோபத்தைவிட வருத்தமே அதிகம் வருகிறது, பெரும்பாலும் படிக்காத, கையெழுத்தை நம்பும் ஜனங்கள். முந்தைய ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்று டி.ஓ. ஃபாரம், அதாவது படிவம் 29-ம் 30-ம், புரோக்கர் கையிலிருந்து புரோக்கர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். "எப்ப வேணா பேர் மாத்திக்கலாம்ணா" என்பார்கள். மாற்ற மாட்டீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டு வண்டி அடிபட்டால், உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. விற்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீடு அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் போனில் எம்-பரிவாகன் செயலியைத் திறந்து நம்பரைப் போடுங்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி நிற்கிறதா என்பது தெரியும். கடன் நின்றால் ஃபைனான்ஸ்காரர் கொடுக்கும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லைக் கடிதம்), ஆர்.சி.யிலுள்ள கடன் பதிவை (எச்.பி.) நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். "அடுத்த வாரம் எச்.பி. கேன்சல் ஆயிடும்" என்றால் அடுத்த வாரமே பணம் கொடுங்கள். செல்லான் பாக்கியையும் தனியாகப் பாருங்கள். பிறகு ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு, சேசிஸில் குத்தியிருக்கும் நம்பரை எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். நகல் எடுத்தது போலப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நம்பரைச் சுற்றி அரம் போட்ட தடம் தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

எஃப்.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் போர்டு வண்டிக்கு 8 வயது வரை 2 வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எஃப்.சி. இருக்கிறது, ஆகவே வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். அந்தத் தம்பியின் வண்டிக்கும் எஃப்.சி. இருந்தது.

வேறு மாநில வண்டி மலிவு என்று போகிறவர்கள் மலிவுக்குக் காரணத்தைக் கேளுங்கள். டெல்லியில் 10 வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்த பிறகு, அங்கிருந்து நிறைய வண்டி வெளி மாநிலங்களுக்கு வந்தது. அதில் நல்ல வண்டியும் உண்டு. ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் வாங்க வேண்டிய என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு, அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலிவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். டி.என். 70 போட்ட ஓசூர் வண்டியை வாங்கி இங்கேயே வைத்து ஓட்டுவதானாலும் 12 மாதத்துக்கு மேல் போனால் கர்நாடகப் பதிவு வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் வண்டிக்குப் பர்மிட்டும் வேண்டும். ஆர்.சி.யில் அந்த எடை அச்சாகியிருக்கிறது, படித்துப் பாருங்கள்.

புதுசாக இருக்கட்டும் என்று 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புதிய புகை விதி) டீசல் தேடுகிறவர்கள் சென்சார், புகை வடிகட்டிச் செலவுக்குத் தயாராக இருங்கள். அதில் ஒரு இன்ஜெக்டர் போனாலே ஐந்திலக்கத் தொகை. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பலருக்கு நான் எடுத்துக் கொடுப்பது புகை தள்ளும் வண்டியைத்தான். பெயின்ட் மங்கி, சீட் கிழிந்து, ஆயில் குடித்துக்கொண்டு, ஆனால் சேசிஸில் ஒரு வெல்டிங் கூட இல்லாமல், முதல் ஓனர் பெயரிலேயே பேப்பரோடு நிற்கும் வண்டி. யாரும் சீண்டாமல் கிடப்பதால் விலை இறங்கியிருக்கும். எஞ்சின் வேலைக்கு என்ன ஆகும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். உங்களுக்கென்று மெக்கானிக் இல்லையென்றால் பக்கத்து ஷெட்டில் யாரையாவது அரை நாள் கூலிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்கிறவர் கைகாட்டும் மெக்கானிக் வேண்டாம்.

அந்தத் தம்பிக்குச் சொன்னது இதுதான்: லோடு ஏற்றாதீர்கள், விரிசலைப் படம் எடுத்துக்கொண்டு, தெரிந்த பெரியவர் ஒருவரோடு விற்றவரிடம் போய்ப் பணத்தைக் கேளுங்கள். டி.ஓ. ஃபாரம் இன்னும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகவில்லை. அதை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.