காய்ச்சல் ஊரில் தணியும்போது வார்டு நிரம்புவது ஏன்?

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காய்ச்சலுக்காக லீவு போட யாருக்கும் மனம் வராது. ஆர்டர் முடிய வேண்டும், போனஸ் கைக்கு வர வேண்டும். அதுவரை உடம்புவலி ஒரு பாராசிட்டமால் மாத்திரையோடு அடங்கிக் கிடக்க வேண்டும். பண்டிகை முடிந்து, மருந்துக்கடைக் கூட்டம் குறைந்து, பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகுதான் அரசு மருத்துவமனைக் காய்ச்சல் வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விழும். காய்ச்சல் குறைந்துவிட்டது என்கிறது ஊர். படுக்கை இல்லை என்கிறது ஆஸ்பத்திரி. இரண்டில் ஒன்று பொய் என்று நினைத்து வாக்குவாதம் செய்வோர் உண்டு. இரண்டுமே உண்மைதான்; ஊரில் பரவும் இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ காய்ச்சல், வார்டை எட்டுவது சில நாள் தாமதமாகத்தான்.

கொங்கு நாட்டுக்கு ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருவது பெரும்பாலும் காற்று. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. தமிழ்நாட்டில் இன்ஃப்ளூயன்சா உச்சம் தொடுவதும் பெரும்பாலும் இந்த மழையை ஒட்டித்தான். காஷ்மீரில் அது ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான குளிர்காலத்து நோய், டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, நமக்கு ஐப்பசி. மழையில் நனைவதால் இந்தக் காய்ச்சல் வருவதில்லை. நனைந்தவர்கள் எல்லாரும் ஒரே அறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அவர்களில் ஒருவரிடம் வைரஸ் இருந்தால், வரும். சில ஆண்டுகளில் வருடத் தொடக்கத்திலும் ஓர் அலை எழுவதுண்டு. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற இன்ஃப்ளூயன்சா வகை பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்களை நடத்தியது.

இன்று நம்மிடையே சுற்றுபவை ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 ஆகிய இரண்டும், பி வகையில் விக்டோரியா என்ற ஒன்றும். 2009இல் உலகைச் சுற்றிய பன்றிக் காய்ச்சல் வைரஸின் வழித்தோன்றல்தான் இன்றைய எச்1என்1. 2010 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெருந்தொற்று முடிந்ததாக அறிவித்தது. வைரஸ் போய்விடவில்லை; பருவக் காய்ச்சல்களில் ஒன்றாக இங்கேயே தங்கிவிட்டது. பரிசோதனைத் தாளில் எச்1என்1 என்று பார்த்ததும் குடும்பமே நடுங்குவதற்கும், எச்3என்2 என்று பார்த்தால் நிம்மதி அடைவதற்கும் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இனி, அந்தத் தாமதத்துக்கு வருவோம். வைரஸ் உடலுக்குள் நுழைந்து காய்ச்சல் தொடங்க ஒன்று முதல் நான்கு நாட்கள், சராசரியாக இரண்டு நாட்கள் ஆகும். பெரும்பாலோருக்கு அந்தக் காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். சிலருக்கு மட்டும் நான்காம், ஐந்தாம் நாளில் மூச்சு வாங்கத் தொடங்கும். ஆக, தொற்று ஏற்பட்ட நாளுக்கும் மருத்துவமனையில் படுக்கும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வாரம். படுத்தவர் எழுந்து வீடு திரும்ப இன்னும் சில நாட்கள். கீழ்பவானி வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பவானிசாகர் அணையில் ஷட்டரைத் திறந்தால், 200 கிலோமீட்டர் வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்ட நாட்கள் ஆகும். ஷட்டரை அடைத்த பிறகும் கடைமடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வார்டு, காய்ச்சலின் கடைமடை.

ஒரு வாரம்தானே என்று தோன்றும். அந்த ஒரு வாரத்தின் கனத்தைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். பருவ இன்ஃப்ளூயன்சாவில் நோயாளி ஒருவர் சராசரியாக 1.3 பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஏறக்குறைய மூன்று நாட்கள். இந்த வேகத்தில் நோயாளிகள் எண்ணிக்கை எட்டு நாட்களில் இரட்டிப்பாகும். அதாவது, அலை ஏறும்போது இன்றைய அட்மிஷன் எண்ணிக்கை போன வாரத்து ஊரைக் காட்டுகிறது. இன்றைய ஊரில் நோய் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அலை இறங்கும்போது நேர்மாறு: வார்டு கூட்டமாக இருக்கும், ஊரில் நோய் வடியத் தொடங்கியிருக்கும். வார்டின் கூட்டத்தை மட்டும் பார்த்துப் பள்ளிகளை மூடலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முடிந்துபோன வாரத்துக்காக முடிவெடுக்கிறார்கள்.

நூறு பேருக்கு இன்ஃப்ளூயன்சா வந்தால் மருத்துவமனைக் கட்டில் வரை போவது ஓரிருவர்தான். அவர்கள் ஏன், மற்றவர்கள் ஏன் இல்லை? மூச்சுக்குழாயின் உட்சுவரில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. இன்ஃப்ளூயன்சா வைரஸ் தாக்குவது அந்த இழைகளைத் தாங்கும் செல்களைத்தான். செல்கள் உதிர்ந்தால் தள்ளும் வேலை நின்றுபோகும். தொண்டையில் சாதுவாகக் கிடந்த நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, சற்றுத் தெம்பு வந்து, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மறுபடி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறுகிறது என்றால் அதுதான் காரணமாக இருக்கலாம். முதல் காய்ச்சலைவிட இந்த இரண்டாம் காய்ச்சலுக்கு அதிகம் பயப்பட வேண்டும். 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்பது பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை ஆராய்ந்ததில் தெரியவந்தது.

சர்க்கரை நோயாளிகள், 65 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஆஸ்துமாவோ இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் ஆகியோரே இந்தப் படிகளில் சீக்கிரம் இறங்குகிறார்கள். இதயத்தின் கதை தனி. இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படி வருபவர் இதய நோய்ப் பிரிவில் படுப்பார். அவருடைய கேஸ் ஷீட்டில் காய்ச்சல் என்ற சொல் இல்லாமலே போகலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கச் சொல்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி என்றால் ஏ: வீட்டுக்கு அனுப்பி, ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள், பரிசோதனையும் வேண்டாம், வைரஸை எதிர்க்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையும் வேண்டாம். கடும் காய்ச்சலோ, மேலே சொன்ன இணைநோய்களோ இருந்தால் பி: வீட்டில் தனித்திருந்து, மருத்துவர் சொல்லும்போது மாத்திரை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல், சளியில் ரத்தம், நகம் நீலம் பாரித்தல் என்றால் சி: உடனே அட்மிஷன், பரிசோதனை, சிகிச்சை. படுக்கையைத் தீர்மானிப்பது தெர்மாமீட்டர் காட்டும் எண் அல்ல, மூச்சு என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் தோட்டத்து வேலையில் காய்ந்த பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். அனுபவமுள்ள நர்ஸ் அதைக் கேட்பதே இல்லை. "எந்த ஊர், என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள் ஐயா?" என்று பேச்சுக் கொடுப்பார். "பவானிப் பக்கம்... மஞ்சள்தான்... இரண்டு ஏக்கர்" என்று மூன்று மூச்சில் பதில் வந்தால் போதும். பேசிக்கொண்டே விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டுவார். விரலுக்குள் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து ஆக்சிஜன் அளவைச் சொல்லும் கருவி அது. நகத்தில் அடர்த்தியான பூச்சு இருந்தால் ஏமாறும், வேறு விரலில் மாட்ட வேண்டும். 94 சதவீதத்துக்குக் கீழே போனால் வீட்டுக்கு அனுப்பத் தயங்குவார்கள். குழந்தை என்றால் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுவார்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இந்த அளவை எட்டினாலே வேகமான மூச்சு என்று பொருள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், வீட்டிலேயே எண்ணலாம்.

உள்ளே வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிலைமை மோசமாகிறது? 2023இல் எச்3என்2 பரவியபோது, அதனால் கடும் சுவாசத் தொற்றோடு படுத்தவர்களைக் கண்காணித்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அவர்களில் 10 சதவீதம் பேருக்கு ஆக்சிஜனும் 7 சதவீதம் பேருக்குத் தீவிர சிகிச்சையும் தேவைப்பட்டதாகச் சொன்னது. சிறிய எண்கள்போலத் தோன்றும். ஆனால் மருத்துவமனையைத் திணறடிப்பவர்கள் இவர்கள்தான்.

காரணம் எளிய பெருக்கல். ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் எத்தனை நாள் தங்குகிறார் என்பதால் பெருக்கினால் நிரம்பியிருக்கும் கட்டில்கள் கிடைக்கும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் இதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார். ஒரு பேச்சுக்கு, 30 கட்டில் உள்ள வார்டு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 பேர் வந்து 5 நாள் தங்கினால் சரியாக 30. வருபவர்கள் கூடவே இல்லை, ஆனால் தங்கும் நாள் 6 ஆகிறது என்றால் 36 கட்டில் வேண்டும். எக்ஸ்ரே தாமதம், வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் எழுதவில்லை என்பவையெல்லாம் வைரஸ் செய்யாமல் நாம் செய்யும் நெரிசல். தீவிர சிகிச்சையில் கணக்கு இன்னும் கடுமை. வென்டிலேட்டரில் இருப்பவர் 10 நாள் தங்குகிறார் என்றால், நாளுக்கு ஒரே ஒருவர் வந்தாலே 10 கட்டில்கள் போய்விடும். அலை வடிந்து புது அட்மிஷன் நின்ற பிறகும் கடைசியாகக் காலியாவது இவர்களுடைய கட்டில்தான். கூடுதல் படுக்கைகளை அவசரப்பட்டு அகற்றும் நிர்வாகம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது.

செய்தியில் வரும் மாவட்ட எண்ணிக்கையையும் நிதானமாகப் படிக்க வேண்டும். கோவை மருத்துவமனைகளுக்கு நீலகிரி, திருப்பூர், ஈரோடு, பாலக்காடு என்று நாலா பக்கமிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கோவையில் படுத்திருப்பவர் எல்லாரும் கோவைக்காரர் அல்ல. பரிசோதனை பெரும்பாலும் சி பிரிவினருக்கே செய்யப்படுவதால் உறுதியானவர்களின் எண்ணிக்கை நோயின் நுனி மட்டுமே. போதாததற்கு அதே ஐப்பசி டெங்குவுக்கும் பருவம். இரண்டும் ஒரே காய்ச்சல் வார்டில்தான் படுக்கின்றன. இருமலும் மூக்கொழுகலும் முன்னால் நின்றால் இன்ஃப்ளூயன்சா பக்கம் சாய்வார்கள், டெங்குவா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அதுவரை வலிக்கு ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ வாங்கி விழுங்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

தாமதத்தின் உண்மையான விலையை மாத்திரை விஷயத்தில் பார்க்கலாம். ஓசெல்டாமிவிர், வைரஸ் ஒரு செல்லிலிருந்து வெளியேறி அடுத்த செல்லுக்குப் போவதைத் தடுக்கிறது. ஆகவே காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பயன். "ஊசி ஒன்று போட்டுவிடுங்கள், நாளைக்கு ஷிஃப்டுக்குப் போக வேண்டும்" என்று கேட்டு வாங்கும் ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் இறங்கும், வைரஸ் இறங்காது. அந்த இரண்டு நாட்களும் அப்படியே கழிந்துவிடும். சர்க்கரை உள்ளவருக்கு ரத்தத்தில் சர்க்கரையும் எகிறும்.

தடுப்பூசிக்கும் இதே நாட்கணக்குதான். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் சொல்கிறது. பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு வைரஸைக் கருவுற்ற கோழிமுட்டையில் வளர்ப்பதால் தயாரிப்புக்கு ஆறு மாதம் பிடிக்கிறது. (நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போகும் முட்டை இதற்கு உதவாது, அது கருவுறாத முட்டை.) போட்டுக்கொண்ட பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். வீட்டில் சர்க்கரையோடு ஒரு பெரியவரோ, கர்ப்பிணியோ இருந்தால், ஆவணியிலேயே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுவது சரி. புரட்டாசி முதல் பாதி வரையும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வார்டில் சேர்ந்த செய்தி கேட்டு ஓடினால், அவருக்குத் தொற்றி ஒரு வாரம் ஆகியிருக்கும். ஊசி வேலைசெய்ய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்.