தட்டான் சிறகில் இருக்கும் பொட்டு

மழைக்காலத்தில் கண்ணில் படும் தட்டான்களை இனம் பிரித்து அறிவது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். பல இனங்களில் ஆண் ஒரு நிறமாகவும் பெண் வேறு நிறமாகவும் இருக்கும். சிறகை விரித்தபடி அமர்ந்து, பெரும்பாலும் உச்சியில் தொட்டுக்கொள்ளும் பெரிய கண்களுடன் இருப்பது தட்டான். கண்கள் இரு ஓரமாக விலகியிருக்க, பொதுவாகச் சிறகை முதுகின் மேல் மடக்கி அமரும் மெல்லிய பூச்சி ஊசித்தட்டான்.

அடுத்து, சிறகின் முன்விளிம்பில் நுனியை ஒட்டியுள்ள சிறு பொட்டைப் பாருங்கள். சுவரிலும் பாறையிலும் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, சிமெண்டுத் தொட்டி நீரிலும் முட்டையிடும் சாம்பல் நிறத் தட்டானுக்கு அந்தப் பொட்டு நடுவில் கருமையாகவும் இரு முனைகளிலும் வெண்மையாகவும் இருக்கும்.

அது வெறும் அலங்காரமன்று. சிறகை அடிக்காமல் மிதந்து செல்லும்போது வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால், மெல்லிய சிறகு தானாகவே படபடக்கத் தொடங்கும். சிறகின் எடை, அது முறுக்கிக்கொள்ளும்போது சுழலும் கோடான முறுக்கு அச்சுக்குப் பின்னால் விழுவதே இதற்குக் காரணம். சிறகு மேலெழும்போது பின்பகுதி நிலைமத்தால் பின்தங்க, முன்விளிம்பு நிமிர்ந்து, காற்று அதை இன்னும் வலுவாகத் தூக்குகிறது, இப்படி வளைவும் முறுக்கும் ஒன்றையொன்று தூண்டிப் பெருகுகின்றன. முன்விளிம்பில் சற்றே கனமான பொட்டு இருந்தால் எடை முன்னுக்கு நகர்ந்து அந்தத் தூண்டல் தளர்கிறது. அசைவு மிகுதியாக இருக்கும் நுனியருகே இருப்பதால் மிகச் சிறிய எடையே போதும். உடல் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டாத இந்தப் பொட்டு, ஒரு தட்டான் இனத்தில் அந்த வேக எல்லையை 10 முதல் 25 சதவீதம் வரை உயர்த்துவதை ஆய்வாளர் நோர்பெர்க் 1972இல் காட்டினார். விமான இறக்கையின் அசையும் பாகங்களில் கீலுக்கு முன்னால் எடை சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மிதப்பதில் கைதேர்ந்தது, அகன்ற பின்சிறகுடன் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான். அது அரிதாகவே அமரும். அமர்ந்தால் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை அது கடல் கடப்பதாக 2009இல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் சான்றுகளை முன்வைத்தார். மழைக்காற்றைத் தொடர்ந்து சென்று, புதிதாகத் தேங்கிய நீரில் அது முட்டையிடுகிறது. ஆகவே, "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்ற பழமொழியை மூடநம்பிக்கை என்று முழுவதுமாகத் தள்ள எனக்கு மனமில்லை. "தப்பாமல்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.