கதவைச் சாத்திய பிறகு சொன்னது

கிளினிக் தொடங்கிய புதிதில் ஒருநாள் என் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வரவேற்பு மேசையில் இருந்த பெண் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தார். "பேரு? வயசு? என்ன தொந்தரவுக்கு வந்திருக்கீங்க?" வந்தவர் சின்ன வயதுப் பெண். அவருக்குப் பின்னால் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "தலைவலி" என்றார்.

உள்ளே வந்தும் ஐந்து நிமிடம் தலைவலியைப் பற்றித்தான் பேசினார். நானும் கேட்டேன், பார்த்தேன், மருந்து எழுதினேன். சீட்டை நீட்டியபோது வாங்கவில்லை. குனிந்தபடியே, "தலைவலி இல்ல டாக்டர்" என்றார். மாதவிடாய் தள்ளிப்போய் ஒன்பது வாரம் ஆகியிருந்தது. நான் எழுதியிருந்த வலி மாத்திரையோ கர்ப்பிணிகளுக்கு ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துக் கொடுக்க வேண்டிய வகை.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஏழெட்டுப் பேர் காதில் விழும்படி அந்தக் கேள்வியைக் கேட்டது நாங்கள். அவரால் வேறென்ன பதில் சொல்லியிருக்க முடியும்? (இங்கே நான் சொல்லும் நோயாளிகள் எல்லோருடைய வயதையும் சூழலையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நோயாளியின் விவரங்களைப் பாதுகாப்பது என்றதும் எல்லோரும் கம்ப்யூட்டர், பாஸ்வேர்ட், ஹேக்கர் என்று போய்விடுகிறார்கள். அதுவும் முக்கியம்தான், பிறகு வருகிறேன். ஆனால் நான் பார்த்தவரை ரகசியம் முதலில் கசிவது வாய் வழியாக. அப்படிக் கசியும் என்ற பயம் வந்துவிட்டால், நோயாளி உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுகிறார். அதற்கப்புறம் மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

இன்னொரு சம்பவம். ஐம்பதைத் தாண்டிய ஒருவரை நெஞ்சுவலி என்று அவர் மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தோம், மாற்றம் தெரிந்தது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லும்போது அவர் கண் ஒரு கணம் மகன் பக்கம் போய்த் திரும்பியது. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை நர்ஸ் கையில் எடுத்துவிட்டார். "தம்பி, ஒரு நிமிஷம் வெளியே இருங்க" என்று மகனை அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, அதே கேள்வியைப் பச்சையாகக் கேட்டேன். "ஆண்மைக்குன்னு ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?" சற்றுநேரம் பேசவில்லை. அப்புறம், "நேத்து ராத்திரி ஒண்ணு" என்றார்.

அந்த வகை மாத்திரையான சில்டெனாஃபில் (வயாக்ரா) சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கொடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நர்ஸ் அந்த மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டார். ஆம்புலன்சில் ஏற்றும்போது அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். பரிந்துரைக் கடிதத்தை மகன் கையில் கொடுப்பதுதான் வழக்கம். அன்று உறையை ஒட்டி ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கொடுத்தேன். மருத்துவமனை டாக்டரிடம் போனில் நேரடியாக விஷயத்தைச் சொன்னேன். சிகிச்சை தருபவருக்குத் தெரிந்தாக வேண்டும், மகனுக்குத் தெரிந்தாக வேண்டியதில்லை. நோயாளியின் தகவல் விஷயத்தில் எழும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு வேறுபாடே வழி சொல்லிவிடும்.

இது புதிய சிந்தனையும் அல்ல. சிகிச்சையின்போது கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசமாட்டேன் என்பது ஹிப்போகிரடீஸ் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியிலேயே இருக்கிறது. உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஜெனிவாவில் ஏற்ற உறுதிமொழியிலும் அது இடம்பெற்றது. 1968இல் அதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள். நோயாளி இறந்த பிறகும் அந்த ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று. இறந்தவரின் நோயைப் பற்றி அக்கம்பக்கத்தார் சாதாரணமாக விசாரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திருத்தம்தான் நினைவுக்கு வரும்.

சரி, அந்தத் தலைவலி சம்பவத்துக்குப் பிறகு என்ன செய்தோம்? முதலில் "என்ன தொந்தரவு" என்ற கேள்வியை வரவேற்பு மேசையிலிருந்து எடுத்துவிட்டோம். அவசரமா இல்லையா என்று மட்டும் கேட்போம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு, பிரசவ வலி இதில் ஏதாவது உண்டா என்று எழுதிய அட்டை மேசையில் இருக்கும், விரலால் தொட்டுக் காட்டினால் போதும். மற்றதெல்லாம் உள்ளே. முதல் வரிசை நாற்காலிகளை மேசையிலிருந்து நான்கு அடி தள்ளிப் போட்டோம். அதற்கு ஒரு செலவும் ஆகவில்லை.

மேசை மேல் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் திறந்தே கிடக்கும், வருகிறவர்களே பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டு உட்காருவார்கள். எத்தனையோ வருடம் அதை ஒரு பிரச்சினையாகவே நான் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு வயதான அம்மா அந்தப் பக்கத்தை நிதானமாக மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துவிட்டு, "அட, இவங்க மருமகளும் வந்துட்டுப் போயிருக்காளா?" என்று கேட்டார். அன்று மாலையே அந்த நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்தி, டோக்கன் எண்ணுக்கு மாறினோம். "சுகர் பேஷண்ட் உள்ள வாங்க" என்று அழைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அப்படி அழைப்பவர் நல்ல மனதோடுதான் அழைக்கிறார், ஆனால் அந்த மனிதரின் நோயை முப்பது பேருக்கு அறிவித்துவிடுகிறார்.

இனி எங்கள் கிளினிக்கில் நடந்த ஒரு தவறு. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, மூன்று வயது வித்தியாசம். எங்களிடம் அப்படி இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். ஒருவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மற்றவருடைய வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. அவர் பதறிப்போய் அழைத்தார். "டாக்டர், எனக்கு மஞ்சள்காமாலைக் கிருமி இருக்குன்னு வந்திருக்கு. நான் இந்த டெஸ்ட்டே எடுக்கலையே!" அவரைச் சமாதானப்படுத்தி, அதை அழித்துவிடச் சொன்னேன். அடுத்து, ரிப்போர்ட்டுக்கு உரியவரை நானே அழைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "இப்ப யாருக்கெல்லாம் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். "ஒருத்தருக்கு. அழிச்சிட்டதா சொன்னார்" என்றேன். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போய்விட்ட தகவலைத் திரும்ப வாங்கி வைக்க முடியாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நோயாளி யார் என்பதை உறுதிசெய்யக் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு 2007இலேயே சொல்லியிருக்கிறது. நாங்கள் ஊசி போடும்போது அதைச் செய்தோம், ரிப்போர்ட் அனுப்பும்போது செய்யவில்லை. இப்போது பெயரோடு பிறந்த தேதியும் பொருந்தினால்தான் எதுவும் வெளியே போகும். "உங்கள் ரிப்போர்ட் தயார்" என்று மட்டும்தான் செய்தி போகும், முடிவு அதில் இருக்காது. எந்த நம்பருக்கு அனுப்பலாம் என்பதை நோயாளியிடமே கேட்டு எழுதி வைக்கிறோம். ஏனென்றால் வீட்டில் ஒரே போனை நாலு பேர் பார்க்கலாம்.

ஊழியர்கள் சொந்தப் போனில் நோயாளியைப் படம் எடுப்பதை அடியோடு நிறுத்தினேன். புண் ஆறுகிறதா என்று பார்க்க எடுத்த படம், போன் கேலரியில் பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து தானாகவே ஏதோ ஒரு கிளவுட் கணக்கிலும் ஏறிவிடுகிறது. எடுத்தவரே அதை மறந்திருப்பார். படம் வேண்டுமென்றால் கிளினிக் போன், நோயாளியின் சம்மதம், ஃபைலில் ஏற்றியதும் போனிலிருந்து நீக்கம்.

பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் சக மருத்துவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990களில் அமெரிக்காவில் லதானியா ஸ்வீனி என்ற ஆய்வு மாணவி, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவைத் தனியே பிரித்துக் காட்டினார். பொதுவில் கிடைக்கும் வாக்காளர் பட்டியலோடு அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் ஒப்பிட்டார், அவ்வளவுதான். இந்த மூன்று விவரங்களைக் கொண்டே அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று பிறகு அவர் கணக்கிட்டார். அப்படியிருக்க, டாக்டர்கள் குழுவில் "வித்தியாசமான கேஸ்" என்று வயது, தொழில், வசிக்கும் இடம் எல்லாம் போட்டு ஸ்கேன் படத்தைப் பகிர்ந்தால், அந்த நோயாளியைத் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவிலேயே இருக்கலாம்.

கம்ப்யூட்டர் விஷயம். பின்லாந்தில் வாஸ்டாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனத்தின் நோயாளிப் பதிவுகள் திருடுபோனது 2020இல் வெளியே தெரியவந்தது. திருடியவர் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டார். அது நடக்காதபோது, நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி மிரட்டினார். ஆலோசகரிடம் மனம்விட்டுச் சொன்னதைச் சிலர் இணையத்தில் பார்க்க நேர்ந்தது. அதைப் படித்த இரவு நான் எங்கள் கணினியில் செய்த முதல் வேலை, எல்லோரும் பயன்படுத்திவந்த பொதுவான பாஸ்வேர்டை ஒழித்தது. இன்று ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. யார் எந்த ஃபைலை எப்போது திறந்தார் என்று பதிவாகும். வரவேற்பில் இருப்பவருக்கு வருகை நேரமும் போன் நம்பரும் தெரியும், நோய்க் குறிப்பு திறக்காது. வாரா வாரம் எடுக்கும் பேக்கப் வட்டு இணையத்தோடு இணைக்கப்படாமல் தனியே பூட்டில் இருக்கும்.

அடுத்து, உறவினர்கள். உண்மையில் எங்களுக்கு இதுதான் தினசரிப் போராட்டம். அக்கறையோடுதான் போன் செய்கிறார்கள். "அவர் என் தம்பிதான் டாக்டர், ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு?" மறுத்தால் மனம் புண்படுகிறது, புரிகிறது. ஆனால் போனில் பேசுபவர் தம்பியின் அண்ணனா, வேலை தரப்போகும் முதலாளியா, விவாகரத்து வழக்கில் எதிர்த் தரப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் முதல் வருகையிலேயே கேட்டுவிடுகிறோம். "உங்களைப் பத்தி யார்கிட்ட பேசலாம்?" சிலர் மனைவி பெயரைச் சொல்வார்கள், சிலர் அக்கா பெயரை. ஒருவர் யோசித்துவிட்டு "யார்கிட்டயும் வேண்டாம்" என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

ரகசியத்துக்கு எல்லையும் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. காசநோய் போன்ற சில தொற்றுகளை அரசுக்குத் தெரிவிக்கப் பல நாடுகளில் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. குழந்தைக்குக் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் சும்மா இருக்க முடியாது. நோயாளியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அவரைக் காக்க நடவடிக்கை எடுக்கும் கடமை மனநல ஆலோசகருக்கு உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் டாரசாஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. இப்படிச் சொல்ல வேண்டி வரும்போதும் முதலில் நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். சொல்வதே யாருக்காவது ஆபத்தாகும் என்றால் மட்டும் விதிவிலக்கு.

நோயாளிகளும் தயங்காமல் கேட்க வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் இருப்பதாலேயே அதை நிரப்பியாக வேண்டும் என்றில்லை. தொழிலைக் கேட்டால் காரணம் இருக்கிறது, தூசியில் வேலை செய்பவரின் இருமல் வேறு மாதிரி. அடையாள அட்டையின் நகல் எதற்கு என்று கேளுங்கள், தெளிவான பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் பதிவின் நகலைக் கேட்கவும் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதி, பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது. அதில் தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். பழைய ஃபைலில் தவறாக ஏறிய ஒரு ஒவ்வாமைக் குறிப்பால் வருடக்கணக்கில் நல்ல மருந்து கிடைக்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. போன வாரம்கூட ஒருவர் கேட்டார். குடிப்பழக்கத்தைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, நான் பேனாவை எடுத்ததும், "இதை மட்டும் எழுதாதீங்க டாக்டர்" என்றார். எழுதாமல் இருக்க முடியாது என்றேன். நாளை நான் இல்லாத நேரத்தில் வேறொரு டாக்டர் அவருக்கு மயக்க மருந்தோ தூக்க மாத்திரையோ கொடுக்க நேர்ந்தால், அந்த ஒரு வரி அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் திரையை அவர் பக்கம் திருப்பினேன். நான் எழுதும் வரி, அதைத் திறக்க முடிந்த மூன்று பேர் யார் யார், அவர் வீட்டிலிருந்து யாராவது கேட்டால் நாங்கள் சொல்லப்போகும் பதில் எல்லாவற்றையும் காட்டினேன். நான் எழுதியிருந்த ஒரு சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. "குடிகாரர்னு வேண்டாம்" என்றார். அது சரிதான் என்று பட்டது. "வாரத்தில் நான்கு நாள் மது அருந்துகிறார், நிறுத்த விரும்புகிறார்" என்று மாற்றினேன். படித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அப்புறம்தான் கல்லீரல் பரிசோதனைக்குக் கையை நீட்டினார்.