நேற்று ஆடிய அணி இன்று தோற்கும் என்று பணம் கட்டுபவர்களுக்கு

சிங்கப்பூரில் சூதாட்டச் சிக்கலுக்கு ஆலோசனை தேடி வருபவர்களில் சிலர் இப்போது கைப்பேசியில் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அட்டவணையோடு வந்து உட்காருகிறார்கள். ‘பேக்-டு-பேக்’, அதாவது அடுத்தடுத்த இரண்டு நாளும் ஆட்டம் உள்ள அணிகளுக்கு மஞ்சள் கோடு போட்டிருக்கும். “இது சூது இல்லைங்க, கணக்கு” என்பார்கள். இதே பேச்சை எத்தனை பேரிடம்தான் கேட்பது? அந்தக் கணக்கையே பார்த்துவிடுவோம்.

களைப்பு உண்மைதான். ஒரு பருவத்தில் அணிக்கு 82 ஆட்டம். இரவு ஆடி முடித்து, விமானம் ஏறி, விடியும் நேரத்தில் வேறு ஊர் ஹோட்டலில் படுத்து, அன்று மாலையே மறுபடி களம். ஊர் டென்வர் என்றால் 1,600 மீட்டர் உயரத்தில் மூச்சும் வாங்கும். கால் சோர்ந்தால் தூரத்து எறிகள் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும், தற்காப்புக்கு ஓடிவரத் தாமதமாகும். ஐந்து இரவில் நான்கு ஆட்டம் என்ற கொடுமையை 2017-18 பருவத்தில் லீக்கே கைவிட்டது.

ஆனால், களைத்த அணிக்கு எதிராகக் கட்டினால் லாபம் என்று யார் சொன்னது? அட்டவணை ஆகஸ்ட் மாதமே வெளியாகிறது. உங்களுக்குத் தெரிந்தது பந்தயம் நடத்தும் புக்கிக்குத் தெரியாதா? இரு அணியும் ஓய்வோடு வந்தால் சொந்த மண் அணிக்கு ஹேண்டிகேப் 4 புள்ளி, அதாவது அந்த அணி 4 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றால்தான் அதன்மீது கட்டியவருக்குப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி அணி முந்தைய இரவு ஆடியிருந்தால் அதே ஹேண்டிகேப் 6 ஆகத் திறக்கும். நீங்கள் சொந்த மண் அணிமீது 100 வெள்ளி கட்டுகிறீர்கள். விருந்தாளி அணி களைக்கிறது, 5 புள்ளியில் தோற்கிறது. நீங்கள் சொன்னது பலித்தது. பணம் போய்விட்டது. களைப்புக்கான விலையை அந்த இரண்டு புள்ளியில் ஏற்கெனவே உங்களிடம் வாங்கிவிட்டார்கள்.

விகிதம் 1.91 என்றால் 100 வெள்ளிக்கு ஜெயித்தால் 91 வெள்ளி வரும், தோற்றால் 100 போகும். 100 பந்தயத்தில் 52 ஜெயித்தாலும் 68 வெள்ளி நட்டம். பாதிக்கு மேல் சரியாகச் சொல்பவரும் இப்படித்தான் கரைகிறார். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

நட்சத்திர வீரர் ஓய்வெடுப்பார் என்று காத்திருப்பது அடுத்த பொறி. யார் ஆடமாட்டார் என்ற பட்டியல் நியூயார்க்கில் பகல் ஒரு மணிக்கு வந்தால் குளிர்காலத்தில் நமக்கு அது இரவு 2 மணி. அவர் ஆடமாட்டார் என்று தெரிந்த சில நிமிடத்தில் ஹேண்டிகேப் மாறிவிடும். தூக்கம் கெட்டதுதான் மிச்சம். அங்கே இரவு 7.30 ஆட்டம் இங்கே காலை 8.30, அதாவது வேலைக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில். பழைய பருவங்களின் புள்ளிவிவரமும் அப்படியே கைகொடுக்காது. 2023-24 முதல் பெரும்பாலான விருதுகளுக்கு 65 ஆட்டம் கட்டாயம், நட்சத்திரங்களை ஒன்றாக உட்காரவைக்கவும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

உரிமம் பெற்ற நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸின் விளையாட்டுப் பந்தயத்தில் காற்பந்தும் மோட்டார் பந்தயமும்தான் உண்டு, கூடைப்பந்து இல்லை. ஆகவே இங்கிருந்து நீங்கள் கட்டும் என்பிஏ பந்தயம் உரிமமில்லாத தளத்திலோ ஏஜெண்டிடமோதான். 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

டெலிகிராம் ‘டிப்ஸ்’ குழுக்களை இன்றே நீக்குங்கள். வங்கிச் செயலியில் ஒருநாள் பண மாற்ற வரம்பைக் குறையுங்கள். நண்பர் கேட்டார் என்று உங்கள் வங்கிக் கணக்கையோ அரசு மின் அடையாளமான சிங்பாஸையோ கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது தனி வழக்கு. ‘என்னைச் சூதாட விடாதீர்கள்’ என்று தானே கேட்டுக்கொள்ளும் சுயவிலக்குக்குப் பதிவு செய்தால் எல்லாம் அடைபட்டுவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. சூதாட்டக் கூடங்களுக்கும் பூல்ஸ் கணக்குக்கும் அது செல்லும், கள்ளத் தளத்துக்குச் செல்லாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகனோ கணவரோ கடனைச் சொன்னதும் மத்திய சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, நகையை வைக்கலாமா என்று ஓடாதீர்கள். மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை எழுதும் தொகை பெரும்பாலும் முழுத்தொகை அல்ல; இரண்டு நாள் கழித்து அதே தாளை மறுபடி கொடுங்கள். சூதாட்டச் சிக்கலுக்கான தேசிய உதவி எண் 1800-6-668-668. பந்தயம் கட்டியவர் பேச மறுத்தால் நீங்கள் மட்டுமாவது அழைக்கலாம்.