பெண்கொலை

‘ஃபெமிசைடு’, அதாவது பெண் என்பதாலேயே ஒருத்தியைக் கொல்வது, இதற்குத் தமிழ் தேடி ரொம்ப அலைய வேண்டாம். ‘பெண்கொலை புரிந்த நன்னன்’ என்று குறுந்தொகை 292-ஆம் பாட்டில் பரணர் சொல்லியிருக்கிறார். நீராடப் போன பெண், ஆற்றோடு வந்த பசுங்காயைத் தின்றுவிட்டாள். குறுநில மன்னனான நன்னனின் காவல் மரத்து மாங்காய் அது என்பார்கள் உரைகாரர்கள். 81 யானைகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் ஈடாகத் தருவதாகச் சொல்லியும் நன்னன் கேட்காமல் அவளைக் கொன்றான். இத்தனைக்கும் அது காதல் பாட்டு. மகளைக் காவலில் வைத்த தாயை ‘நன்னன் போன நரகத்துக்குப் போ’ என்று சபிக்கத்தான் அவன் பெயர் வருகிறது.

லத்தீனில் ‘ஃபெமினா’ பெண், ‘-சிடியம்’ கொலை. ஆங்கிலத்தில் 1801-லேயே அச்சில் வந்த சொல். 1976-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த, பெண்களுக்கு எதிரான குற்றங்கள் குறித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் பெண்ணிய ஆய்வாளர் டயானா ரஸ்ஸல் இதை எடுத்து ஆண்டார். அப்புறம்தான் ‘பெண் என்பதாலேயே கொல்லப்படுவது’ என்று பொருள் இறுகியது.

இங்கேதான் சிக்கல். ‘பெண்கொலை’ செத்தது யார் என்று சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. வழிப்பறியில் ஒரு பெண் இறந்தாலும் இலக்கணப்படி அது பெண்கொலைதான், ஆனால் ஃபெமிசைடு ஆகாது. சரி, ‘பெண்ணினப் படுகொலை’ என்றால்? கூட்டங்கூட்டமாகக் கொல்வது நினைவுக்கு வருகிறது. ‘பெண்வெறுப்புக் கொலை’யும் உதவாது. ‘அவளை உயிராக நேசித்தேன்’ என்று வாக்குமூலம் கொடுப்பவன் அதில் நழுவிவிடுவான். பழைய சொல்லையே வைத்துக்கொண்டு பொருளைக் குறுக்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ‘கௌரவக் கொலை’யை விட்டு ‘ஆணவக் கொலை’க்கு மாறியவர்கள்தானே நாம்.

2023-இல் உலகெங்கும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா. மதிப்பீடு. நாளொன்றுக்கு 140 பேர். இவற்றை ‘குடும்பத் தகராறில் கொலை’ என்று எழுதினால், ஏதோ தகராறே கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. பெண்கொலை என்று பதிந்தால் முன்கதையைத் தோண்ட வேண்டிவரும்: முன்பு மிரட்டினானா, பின்தொடர்ந்தானா, அவள் பிரிந்து போன சமயமா, யாரிடமாவது புகார் சொன்னாளா? முக்கியமாக, எப்போதாவது கழுத்தை நெரித்தானா? பின்னால் கொலையில் முடியலாம் என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் வலுவான அறிகுறிகளில் அது ஒன்று. பல சமயம் வெளிக்காயம் தெரியாததால், உயிரோடு வந்து சொல்கிறவளிடம் இதை யாரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.